உவர் ஏறிய வயலை மீட்டெடுத்தல்

பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வரம்புகள் உடைந்து, கடல்நீர் ஏறி, வயலில் வெள்ளைப் பொருக்கும் உமரிச் செடியும்தான் நிற்கின்றன என்றால், "இனி இது உதவாது, வந்த விலைக்குக் கொடுங்கள்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட நிலம் திரும்பவும் விளைந்திருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்தும் வரை காணியில் மண்வெட்டி போடாதீர்கள். பற்றைகளுக்குத் தீ வைக்கவும் கூடாது.

2004 டிசெம்பர் 26 அன்று எங்கள் கரைகளைத் தாக்கிய அதே கடல், தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் வயல்களுக்குள் ஏறியது. கடற்சேறும் உப்பும் படிந்த அந்த நிலங்களை மீட்கும் வேலையில் இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வாரும் விவசாயிகளோடு சேர்ந்து ஈடுபட்டார். அங்கே செய்யப்பட்டவை பெரும்பாலும் மண்வெட்டியும் விதையும் கொண்டு செய்யக்கூடியவை. படிந்த சேற்றை வழித்து அகற்றினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து மடக்கி உழுதார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் மாரி மழையைக் கொண்டுவருவது ஒரே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான். ஆகையால் அந்த முறை இங்கும் பொருந்தும்.

உப்பைக் கழுவுவது மழை. அந்தத் தண்ணீர் வெளியேற வழி செய்வதுதான் உங்கள் வேலை. வழி இல்லாவிட்டால் தண்ணீர் வயலிலேயே நின்று வற்றும், உப்பு அங்கேயே தங்கிவிடும். எனவே மாரிக்கு முன்பே வரம்புகளைக் கட்டி, வயலின் பள்ளமான மூலையில் ஒரு வடிகால் வெட்டுங்கள். அந்த வடிகால் பக்கத்துக் காணிக்குள் போய் முடியாதபடி அயலவர்களோடு முதலே பேசிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி வரம்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். பிறகு மேலோட்டமாக ஒரு உழவு போதும். மழைத் தண்ணீரைச் சில நாட்கள் கட்டி வைத்து வடிய விடுங்கள், திரும்பவும் கட்டுங்கள். மணல் கலந்த மண்ணில் உப்புச் சீக்கிரம் இறங்கும். களிமண்ணில் தாமதமாகும், அங்கே ஜிப்சம் இட வேண்டுமா, எவ்வளவு என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்யுங்கள். கேட்டதற்காக வாங்கிக் கொட்டுவது காசுக்கு நட்டம்.

முதல் மழைகளில் உப்பு ஓரளவு இறங்கியதும் ஏக்கருக்கு ஏறக்குறைய 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். அது உவரைத் தாங்கும், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். 45 நாள் அளவில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகி மக்காது. குழை தாழ்த்திப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையல்ல. இதற்காக ஒரு போகம் நெல்லை விட வேண்டி வரலாம். நிவாரண அரிசியோடு இருக்கும் குடும்பத்துக்கு அது பாரமான முடிவு என்பது எங்களுக்குத் தெரியும். முழு வயலையும் விட முடியாதென்றால் மேட்டுப் பக்கத்தில் நெல்லும் பள்ளத்தில் தக்கைப்பூண்டுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நெல்லில் ஏ.ரி. 354 உவரைத் தாங்கும் இனம். கேரளக் கரையோரத்தில் உவர் வயல்களில் தலைமுறைகளாக விளையும் பொக்காளி நெல்லின் வழியில் வந்தது அது. வீட்டுத் தோட்டத்தில் பீற்றூட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெங்காயத்தையும் பயற்றையையும் முதல் வருடம் நட்டு விதைக் காசை இழக்காதீர்கள். கோடையில் நிலத்தை வெறுமையாகவும் விட வேண்டாம். வெயில் கீழிருக்கும் உப்பை மேலே இழுக்கும். வைக்கோலோ பழைய கிடுகோ போட்டு மூடுங்கள்.

கிணறு உப்பாக இருந்தால் இயந்திரம் வைத்து முழுவதும் இறைத்துவிடத் தோன்றும். கரையோரக் கிணறுகளில் நன்னீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. அதிகம் இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலேறும். குப்பையையும் சேற்றையும் மெதுவாக அகற்றிவிட்டு, மாரி நிரப்பும் வரை விடுங்கள். அதுவரை குடிப்பதற்கு வழங்கப்படும் தண்ணீரையே பாவியுங்கள். கிணற்று நீரையும் வயலின் இரண்டு மூன்று இடங்களில் எடுத்த மண்ணையும் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய், பரிசோதிக்க ஒழுங்கு செய்து தரும்படி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.