நரம்பைத் தாங்கும் மரம்

இசைக்கருவியின் பெருமையைப் பேசுவோர் நரம்பைப் பேசுவர்; மீட்டும் விரலைப் பேசுவர். அந்நரம்பின் இழுப்பையெல்லாம் இரவும் பகலும் தாங்கி நிற்கும் மரத்தைப் பேசுவோர் அரியர். பழந்தமிழர் யாழில் அதற்குக் கோடு என்று பெயர். வீணையில் தண்டி என்பர். இன்றைய இளைஞர் விரும்பும் மின்கிற்றாரில் அது கழுத்து. மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு கையால் ஒரு கிற்றார் செய்ய எண்ணுபவன் முதலிற் கேட்கும் கேள்வி, “மேப்பிள் மரத்துக்கு எங்கே போவேன்?” என்பதே. அக்கேள்வியே பிழையானது என்பது என் கருத்து.

மின்கிற்றாரில் ஒலியைப் பெருக்குவது மரப்பெட்டி அன்று. உருக்கு நரம்பின் அசைவைக் காந்தமும் கம்பிச் சுருளும் மின்னலையாக மாற்றுகின்றன. அப்படியாயின் எந்த மரமானாலும் என்ன என்று கேட்கலாம். ஆறு நரம்பையும் சுருதி கூட்டி முறுக்கினால், அவற்றின் இழுப்பு ஏறத்தாழ 45 கிலோகிராம். இரண்டு சென்றிமீற்றர் அளவே தடிப்புள்ள கழுத்து இதனை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மிகையாக வளைந்தாலும் நரம்பு மேலெழும்பும், விரல் நோகும், சுருதி பிழைக்கும். கழுத்தினுள் உருக்குக் கம்பி பதித்து வளைவைத் திருத்தும் முறைக்கு அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1923இல் காப்புரிமை பெற்றது. ஆனால், அக்கம்பி வளைந்த மரத்தை நிமிர்த்துமேயன்றி, முறுக்கிக்கொண்ட மரத்தைத் திருத்தாது. ஆகவே கழுத்து மரத்திற்கு வேண்டிய முதற்குணம் இனிமை அன்று, நேர்மை.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. வாவிக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழை இலக்கியத்தாலும் கணிதத்தாலும் மீட்டெடுத்து, 1947இல் ‘யாழ்நூல்’ அரங்கேற்றினார். சிலப்பதிகாரத்தின் பழைய உரை மரபிலே, யாழின் பத்தருக்குக் குமிழும் முருக்கும் தணக்கும், கோட்டிற்குக் கொன்றையும் கருங்காலியும் உரியவை எனக் காண்கிறோம். ஒலியை எழுப்பும் பத்தருக்கு மென்மரம். இழுப்பைத் தாங்கும் கோட்டிற்கு வன்மரம். தொழிலறிந்து மரம் பிரித்த நுட்பம் இது. வில்யாழில் ஒரு நரம்பை இறுக்கினாற் கோடு சிறிது வளையும். உடனே ஏனைய நரம்புகள் தளரும். கோட்டின் வன்மையே அக்கருவியின் உயிர் என்பதை அதனைச் செய்தவர்கள் அறிந்திருந்தனர்.

சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைமன்றிலே சீவகன் தன்முன் வைத்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்று நீரில் நின்ற மரம். ஒன்று வாள் பட்ட மரம். ஒன்று இடி விழுந்த மரம். இவ்விலக்கணத்தை இக்கரையின் மரங்களுக்குப் பொருத்தினால் எது தேறும்? 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இங்குள்ள மரங்களை வேரோடு சாய்த்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2009 வரை நீடித்த போரில் சன்னமும் குண்டுச் சிதறலும் அடிமரங்களுட் புதைந்தன. மேலே பட்டை மூடி, மரமும் வளர்ந்துவிட்டது. வாளின் பல் முறிந்த பின்னரே அறுப்பவர் அதனை அறிவர். இரும்பைச் சுற்றிய மரம் நீலக்கறுப்பாகக் கறைபட்டிருக்கும்.

இம்மரங்களையெல்லாம் ஒதுக்கிவிடுவதா? சீவகன் விலக்கியது மரத்தின் பழங்கதையை அன்று. அக்கதை மரத்தினுள் விட்டுச்சென்ற குறையை. அடிபட்ட மரத்திலே கண்ணுக்குத் தோன்றாத வெடிப்பு இருக்கும் என்பதே அவன் அச்சம். வெடிப்பு இல்லையாயின் விலக்கும் இல்லை. இடிந்த பழைய வீட்டின் முதிரைக் கதவுநிலை பல பத்தாண்டுகள் காய்ந்தது. இனி அசைய வேண்டியதெல்லாம் அசைந்து ஓய்ந்தது. ஆணித் துளையையும் கறையையும் வெட்டிக் கழித்து, எஞ்சிய நல்ல பகுதியை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

நம் காட்டு மரங்களைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். முதிரை பொன்னிறமும் மினுக்கமும் உடையது, மேப்பிளினும் கனமானது, இழை பின்னியிருப்பதாற் சீவுளிக்கு எளிதில் இணங்காது. சமண்டலை இழை நேரானது. வளைந்து மீளும் வலியுடையது. ஆங்கிலேயர் அதனைத் ‘திருகோணமலை மரம்’ என்று அழைத்துப் படகுகளுக்கும் பீப்பாய்களுக்கும் பயன்படுத்தினர். கழுத்துக்கு நான் முதலிற் தேடுவது இதனையே. தேக்கு நிலைபேறுடையது, எண்ணெய்ப் பசை உள்ளதால் புதிதாகச் சீவிய முகத்திலேயே பசையிட வேண்டும். மேனாட்டார் போற்றும் மகோகனி நம் முற்றத்து வேம்பின் குடும்பத்தது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். கருங்காலியை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பழைய தளபாடத்துத் துண்டொன்று கிடைத்தால் மெட்டுகள் பதிக்கும் விரற்பலகைக்கு அது போதும்.

பெயரைக் காட்டிலும் சோதனையே முக்கியம். மரக்காலையில் வெளிறு நீக்கிய வைரப் பகுதியையே கேளுங்கள். பலகையின் ஓரத்திற் கண்ணை வைத்து நெடுக நோக்குங்கள். முனையில் ஒரு சிறு துண்டை உளியாற் பிளந்து பாருங்கள். வாள் நேராக அறுத்த பலகையிலும் இழை சாய்ந்து ஓடக்கூடும், பிளவு அதனை மறைக்காது. குறுக்குமுனையில் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பது நன்று. மரம் வளையத்தின் போக்கிலே சுருங்கும் அளவு, அதற்குக் குறுக்கே சுருங்குவதை விடப் பெரும்பாலும் இரு மடங்கு. கச்சான் காற்றிலே காய்ந்து மாரியிலே ஈரம் குடிக்கும் நம் நாட்டில் இது சிறு செய்தி அன்று. கிழமைதோறும் பலகையை நிறுத்துப் பாருங்கள். நிறை மாறாது நின்றபின் கருவியை எடுங்கள். பருக்கனாக வெட்டியபின் சில கிழமை ஆறவிட்டு, மீண்டும் சீவுங்கள்.

ஒலி மரத்தின் இழைவழியே விரைந்தோடும் என்பதை நம் மீனவர் எப்போதோ கண்டனர். நிலவொளியிற் கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியில் வைத்து, பாடும் மீனின் ஓசையைக் கேட்டவர்கள் அவர்கள். தச்சுக்கும் இசைக்கும் இங்கே உறவு உண்டு. மட்டக்களப்புப் பறங்கியரிற் பலர் தலைமுறையாகத் தச்சர். திருமண வீடுகளிற் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் கிற்றாரும் வாசித்தவர்களும் அச்சமூகத்தவரே. உளி பிடித்த கையும் நரம்பு மீட்டிய கையும் ஒரே வீட்டில் வாழ்ந்தன.

மரமும் அறிவும் தொழிலும் இங்கேயே உண்டு. கப்பலில் வரும் மேப்பிளுக்காக ஓர் இளைஞன் தன் முயற்சியை ஒத்திப்போட வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது நேரான இழையுடைய ஒரு முழப் பலகை இரண்டல்ல, ஒன்றேமுக்கால் முழ நீளத் துண்டு ஒன்றே. அது உலரும்வரை காத்திருக்கும் பொறுமையும்.