சேலம்ஸ் லாட் (புதினம்)

இக்கட்டுரை ஸ்டீவன் கிங் எழுதிய புதினம் பற்றியது. பெயரிலுள்ள "சேலம்" என்னும் சொல் தமிழ்நாட்டின் சேலம் நகரைக் குறிப்பதன்று.

சேலம்ஸ் லாட் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீவன் கிங் எழுதிய திகில் புதினம் ஆகும். டபுள்டே நிறுவனம் இதனை 1975 அக்டோபரில் வெளியிட்டது. கேரி (1974) என்ற புதினத்திற்கு அடுத்து வெளிவந்த இது, அவரது இரண்டாவது புதினமாகும். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மேய்ன் மாநிலத்தில், ஏறத்தாழ 1,300 பேர் வாழும் கற்பனைச் சிற்றூர் ஒன்று, சில வாரங்களில் இரத்தக் காட்டேரிகளின் ஊராக மாறுவதை இது விவரிக்கிறது. முதல் வாசிப்பில் காட்டேரிக் கதையாகத் தோன்றும் இப்புதினம், மறுவாசிப்பில் ஓர் ஊரின் சாவைப் பற்றிய கதையாகப் புலப்படுகிறது.

பெயர்க் காரணம்

கதை நிகழும் ஊரின் முழுப்பெயர் ஜெருசலேம்ஸ் லாட். ஊரின் தொடக்க காலத்தில் ஒருவர் வளர்த்த ஜெருசலேம் என்ற பன்றி, தப்பிக் காட்டுக்குள் ஓடி மூர்க்கமானது. அக்காட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று அவர் சிறுவர்களை எச்சரித்தார். அப்பன்றியின் காட்டு நிலம் என்ற பொருளிலேயே ஊருக்குப் பெயர் அமைந்ததாகப் புதினம் கூறுகிறது. ஊர் மக்கள் பேச்சு வழக்கில் அதனைச் "சேலம்ஸ் லாட்" என்று சுருக்கி அழைக்கின்றனர்.

எழுதப்பட்ட பின்னணி

கிங் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியபோது, பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) புதினத்தை மாணவர்களுக்குக் கற்பித்தார். டிராகுலா இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வந்தால் என்ன நேரும் என்று தம் மனைவி தபிதாவுடன் உரையாடியதிலிருந்து இக்கதை பிறந்தது. பெருநகரில் அல்லாமல், தாம் நன்கறிந்த மேய்ன் சிற்றூர் ஒன்றில் அவர் காட்டேரியை இறக்கினார். சிற்றூர் ஒன்றின் இரகசியங்களை வெளிப்படுத்திய கிரேஸ் மெட்டாலியஸின் பேட்டன் பிளேஸ் (1956) புதினத்தின் சாயலும் இதில் உண்டு. வாட்டர்கேட் விசாரணைகள் நடந்த காலத்தில் இது எழுதப்பட்டது. மறைக்கப்பட்ட செயல்கள் பற்றிய அக்கால அச்சம் கதையில் படிந்திருப்பதைக் கிங் பின்னர் குறிப்பிட்டுள்ளார்.

கதைச் சுருக்கம்

எழுத்தாளர் பென் மியர்ஸ், சிறுவயதில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஊருக்கு 1975 செப்டம்பரில் திரும்புகிறார். குன்றின்மேல் நிற்கும் மார்ஸ்டன் மாளிகையைப் பற்றி நூல் எழுதுவது அவர் நோக்கம். அவ்வீட்டின் உரிமையாளர் தம் மனைவியைக் கொன்று, தாமும் தூக்கிட்டு இறந்தவர். அதே காலத்தில் ஸ்ட்ரேக்கர் என்பவர் அவ்வீட்டை வாங்கி, ஊரில் பழம்பொருள் கடை திறக்கிறார். அவருடைய கூட்டாளியான பார்லோவை எவரும் கண்டதில்லை.

ரால்ஃபி என்ற சிறுவன் காணாமல் போகிறான். அவன் அண்ணன் டேனி மருத்துவமனையில் இறக்கிறான். அதன்பின் இறந்தோர் இரவில் எழுந்து தம் உறவினரைத் தேடி வருகின்றனர். பென்னுடன் சூசன் என்ற இளம்பெண், ஆசிரியர் மேட் பர்க், மருத்துவர் ஜிம்மி கோடி, பாதிரியார் கல்லகன், சிறுவன் மார்க் பெட்ரி ஆகியோர் இணைந்து பார்லோவை எதிர்க்கின்றனர். பார்லோ அழிக்கப்பட்டாலும் ஊர் மீளவில்லை.

மறுவாசிப்பில் தெரியும் ஊர்

ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் உயிர்தப்பி மெக்சிகோவை அடைந்ததையும், ஊர் ஆளரவமற்றுப் போனதையும் புதினத்தின் முன்னுரைப் பகுதியே தெரிவித்துவிடுகிறது. ஆகவே முடிவை அறிதல் வாசிப்பின் தலையாய நோக்கமாக இருப்பதில்லை. கதையை முன்னரே அறிந்தவர் கவனிக்கத்தக்கவை பின்வருமாறு:

தொடக்க இயல்களுள் ஒன்று, ஊரின் ஒரு நாளை விடியலுக்கு முன்பிருந்து நள்ளிரவு வரை மணிக்கணக்காகக் காட்டுகிறது. பால்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், குப்பைமேட்டுக் காவலர் எனப் பலர் வந்து செல்கின்றனர். அழும் கைக்குழந்தையை ஓர் இளந்தாய் அடிக்கிறாள். மூதாட்டி ஒருவர் தொலைநோக்கியாலும் தொலைபேசியாலும் ஊர்ச் செய்திகள் அனைத்தையும் திரட்டுகிறார். முதல் வாசிப்பில் தாமதமாகத் தோன்றும் இவ்வியல், காட்டேரி வருமுன்பே அங்கிருந்த கொடுமைகளின் பட்டியலாகும்.

இரண்டாவதாக, அழைப்பின்றி ஒரு வீட்டினுள் காட்டேரி நுழைய இயலாது என்பது மரபு. இங்கே ஊருக்கான அழைப்பை நில வணிகர் லாரி கிராக்கெட் அளிக்கிறார். பெருமதிப்புள்ள வேறொரு நிலத்திற்கு ஈடாக, மார்ஸ்டன் மாளிகையையும் ஒரு கடையையும் ஒரே டாலருக்கு எழுதிக் கொடுத்து, எதையும் கேட்காதிருக்க ஒப்புகிறார். தீமை முறையான பத்திரத்தின் வழியே குடியேறுகிறது.

மூன்றாவதாக, பகலில் கதவுகள் மூடிக்கிடக்கும் வீடுகள் பெருகும்போது, காய்ச்சல் பரவுவதாக மக்கள் எண்ணிக்கொள்கின்றனர். கதவைத் தட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. காவல் அதிகாரி கில்லெஸ்பி உண்மையை உணர்ந்தும் ஊரைவிட்டு வெளியேறுகிறார். ஊர் நெடுங்காலமாகவே செத்துக்கிடப்பதால்தான் பார்லோ இதனைத் தேர்ந்தான் என்பது அவர் கருத்து. கல்லகனோ, எதிர்த்துப் போரிடத்தக்க பெருந்தீமை ஒன்றுக்காக ஏங்கியவர். அன்றாடச் சிறு பாவங்களில் சலிப்புற்ற அவர், பார்லோவின் முன் நம்பிக்கை தளர்ந்து தோற்கிறார். பெருந்தீமைக்கு வழிவிட்டவை அவர் பொருட்படுத்தாத அச்சிறு தீமைகளே என்பதை மறுவாசிப்பு உணர்த்துகிறது.

தொடர்புடைய ஆக்கங்கள்

கிங்கின் நைட் ஷிப்ட் (1978) தொகுப்பிலுள்ள இரு சிறுகதைகள் இவ்வூருடன் தொடர்புடையவை. கல்லகன், வுல்வ்ஸ் ஆஃப் தி கல்லா (2003) புதினத்தில் மீண்டும் தோன்றுகிறார்.

டோப் ஹூப்பர் இயக்கத்தில் 1979 இலும், ராப் லோ நடிப்பில் 2004 இலும் இப்புதினம் தொலைக்காட்சித் தொடராயிற்று. கேரி டாபர்மேன் இயக்கிய திரைப்படம் 2024 இல் வெளியானது. 1979 ஆம் ஆண்டுத் தொடரில் பார்லோ பேச்சற்ற கோர உருவமாகக் காட்டப்படுகிறான். புதினத்தின் பார்லோவோ இனிமையாகப் பேசுபவன். ஊரார் இகழ்ந்தவர்களிடம் பரிவு காட்டி, பழிவாங்கும் வாய்ப்பை அளிப்பதாகக் கூறி அவர்களை வசப்படுத்துகிறான்.