பிஎச்பி நிரலை ஏன் மறைக்கிறார்கள்? எப்படி?

இணையதளத்தைத் திறப்பவர் கண்ணில் பிஎச்பி நிரல் படுவதே இல்லை. அது சர்வரிலேயே இயங்கி, விளைந்த எச்டிஎம்எல் பக்கத்தை மட்டும் பிரவுசருக்கு அனுப்புகிறது. பிறகு ஏன் அதை மறைக்க வேண்டும்?

மென்பொருளை விற்கும்போதுதான் சிக்கல். வாங்கியவர் தம் சர்வரில் நிறுவ, மூல நிரலையே கொடுத்தாக வேண்டும். அவர் அதை நகலெடுக்கலாம். உரிமத்தைச் சோதிக்கும் வரியையே நீக்கிவிடலாம்.

மறைப்பதன் முதல் படி, விளக்கக் குறிப்புகளையும் வெற்று இடைவெளிகளையும் அகற்றுவது. அடுத்தது பெயர் மாற்றம். ‘மொத்தவிலை’ என்ற மாறி ‘எக்ஸ்7’ ஆகிவிடும். கணினிக்கு இரண்டும் ஒன்றே; படிப்பவருக்குத்தான் பொருள் தொலைகிறது. ஆனால், ஃபங்ஷன் பெயரை இயங்கும்போதே சரமாக உருவாக்கி அழைக்கும் நிரல், பெயர் மாறினால் நின்றுவிடும். அதனால் மாற்றியபின் முழுமையாகச் சோதிப்பது கட்டாயம்.

சிலர் நிரலை பேஸ்64 வடிவில் பொதிந்து, ‘இவால்’ கட்டளையால் இயக்குவார்கள். இது மெல்லிய திரைதான்: ‘இவால்’ இருக்குமிடத்தில் ‘எக்கோ’ என்று எழுதினால் உள்ளிருக்கும் நிரல் வெளிவந்துவிடும். அயான்கியூப் போன்ற கருவிகள் நிரலை பைட்கோடாக மாற்றிக் குறியாக்கம் செய்கின்றன. அதை இயக்க சர்வரில் தனி லோடர் வேண்டும்.

எந்த நிரலையும் முற்றாக மறைத்துவிடும் பொதுவான முறை சாத்தியமில்லை என்று 2001இல் போவஸ் பராக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணித முறையில் நிறுவினர். மறைத்தல் திருட்டைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஆகவே கடவுச்சொல்லை நிரலுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். விற்பனைக்குத் தெளிவான உரிம ஒப்பந்தம் எழுதுங்கள்.