உஷார்! உங்கள் ஐ.டி. கார்டை வாடகைக்குக் கேட்கிறார்கள்

"மலிவு வீட்டு வசதிக் கொள்கை ஆய்வுக்கு மாணவர்கள் தேவை. தொண்டு நிறுவனம். ஒரு மாதம். சான்றிதழ் உண்டு, ஸ்டைபண்ட் உண்டு, முன் அனுபவம் வேண்டாம்." இப்படி ஒரு செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிற பிள்ளைகளே, உடனே பெயர் கொடுத்துவிடாதீர்கள். செய்தி பொய் என்று சொல்ல வரவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாக இருந்துவிட்டால் முதலில் மாட்டப்போவது அதை அனுப்பியவன் அல்ல. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய நீங்கள்.

இன்டர்ன்ஷிப் மோசடி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பதிவுக் கட்டணம். 499 கட்டு, 999 கட்டு, சான்றிதழ் பிடிஎஃபாக வரும். அது சில்லறைத் திருட்டு. மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று வைத்து அவர்கள்தான் நமக்குப் பணம் தருகிறார்கள். விண்ணப்பிக்கக் காசு கிடையாது. வேலை வாங்குகிறவன் வேலை செய்கிறவனிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

எனக்குப் பயம், காசே கேட்காத இன்டர்ன்ஷிப்பைப் பார்த்துத்தான். முதல் வாரமே டி-ஷர்ட், பேட்ஜ், பஸ் செலவு எல்லாம் தருகிறவனைப் பார்த்துத்தான். அவனுக்கு உங்கள் 499 ரூபாய் வேண்டாம். கழுத்தில் தொங்குகிற கல்லூரி ஐ.டி. கார்டும், அதைப் பார்த்ததும் திறக்கிற கதவும்தான் வேண்டும்.

ஏன் ஓசூர்ப் பகுதியைக் குறிப்பாகச் சொல்கிறேன்? அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆரம்பித்து இன்றைக்கு டாடா எலக்ட்ரானிக்ஸ், ஏதர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா வரை வந்துவிட்டது. கம்பெனிகள் வந்த வேகத்தில் வீடுகள் வரவில்லை. வேலைக்கு வந்தவர்கள் ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி, பாகலூர் என்று கிடைத்த இடத்தில் அறை பிடிக்கிறார்கள். ஒரு லைன் வீட்டை எட்டிப் பார்த்தால் போதும். சிமென்ட் ஷீட் போட்ட வரிசை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை, நடுவில் ஒரு குழாய். ஓர் அறை வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. உள்ளே நைட் ஷிப்ட் முடித்தவர் படுத்திருப்பார். அவர் எழுந்து போனதும் அதே பாயில் பகல் ஷிப்ட்காரர் படுப்பார். ஒடியா, இந்தி, அசாமி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் கேட்கும். இவர்களில் பலருக்கு உள்ளூரில் தெரிந்த ஆள் கிடையாது, வாடகை ஒப்பந்தம் கையில் கிடையாது. சொந்த வீடு என்கிற ஆசை மட்டும் நிறைய உண்டு.

அந்த வரிசையில் நீங்கள் நோட்டோடு போய் நின்றால், முதலில் வருகிற கேள்வி இதுதான்: "ஏம்பா, இதுல எழுதுனா கவர்மென்ட்டு வூடு குடுப்பாங்களா?" மாணவன் என்ன சொல்வான்? கேட்கிற அக்காவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இன்றைக்குள் நாற்பது படிவம் முடிக்கவும் வேண்டும். "வரும்னுதான் நெனைக்கிறேன்க்கா" என்று வாயில் வந்துவிடும். தெரியாத்தனமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் ஆய்வு, ஆசை காட்டுவதாக மாறுகிறது. அடுத்து ஆதார் அட்டை வெளியே வரும், பேங்க் பாஸ்புக் வரும், ஊரில் இருக்கிற மனைவியின் போன் நம்பரும் வரும். நீங்கள் கேட்கவே வேண்டாம்.

அரசு வீடு வாங்கித் தருகிறேன் என்று பணம் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டில் புதிதல்ல. குடிசை மாற்று வாரியம் இருந்த நாளிலிருந்து நடக்கிறது. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது, மோசடி மாறவில்லை. இதில் ஏமாற்றுகிறவனுக்கு எப்போதும் இருந்த ஒரே சிரமம், யாரிடம் போய்ப் பேசுவது என்பதுதான். யார் சொந்த வீடு இல்லாதவர், யார் கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, யார் இரண்டு மூன்று வருடம் இங்கேயே இருப்பார்? இத்தனையும் வரிசையாகத் தருகிற பட்டியல் ஒன்று கிடைத்தால் அவனுக்கு வேறென்ன வேண்டும்? "கொள்கை ஆய்வு" என்ற பெயரில் அந்தப் பட்டியலை உங்கள் கையாலேயே எழுத வைத்துவிட முடியும். ஒரு மாதம் கழித்து வேறு ஒருவன் அதே கதவைத் தட்டுவான். "அன்னைக்கு காலேஜ் புள்ளைங்க வந்து எழுதிட்டுப் போச்சே, அந்த வீடு சாங்ஷன் ஆகியிருக்கு, முன்பணம் கட்டணும்" என்பான். பணம் போனபிறகு அந்த அக்காவுக்கு அவன் முகம் ஞாபகம் இருக்காது. உங்கள் முகம் இருக்கும், கார்டில் படித்த கல்லூரிப் பெயர் இருக்கும். பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவு மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை சொல்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்து வெளியே வரலாம். அதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கையில் கொடுக்கிற பையில் போனோடு இணைக்கிற சின்னக் கைரேகை மிஷின் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல் ரேகை இந்த மூன்றும் இருந்தால் ஏஇபிஎஸ் என்கிற ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுத்துவிடலாம். ஏடிஎம் கார்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். கிராமத்தில் பேங்குக்கு நடக்க முடியாதவர்களுக்காக வந்த நல்ல வசதி அது. ஆனால் "சர்வேயில் கலந்துகொண்டதற்கு அடையாளமாக விரல் வையுங்கள்" என்று யாராவது சொன்னால், அது சர்வேயே இல்லை. வாடகை எவ்வளவு, அறையில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எந்த ஆய்வாளருக்கும் யாருடைய கட்டைவிரலும் தேவைப்படாது.

ஜிபே விஷயமும் அப்படித்தான். "வீட்டுக்கு 100 ரூபாய் பதிவுக் கட்டணம், நீங்களே உங்கள் நம்பரில் வாங்கிச் சாயங்காலம் மொத்தமாக அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். ஒருவர் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தால் பணம் போன பாதையில் இருக்கிற கணக்கெல்லாம் முடக்கப்படலாம். முதல் கணக்கு உங்களுடையது. அப்பா செமஸ்டர் ஃபீஸுக்குப் போட்ட பணமும் அதோடு உள்ளே நின்றுவிடலாம். "ஸ்டைபண்டுக்குத் தனிக் கணக்கு திறக்கிறோம், ஏடிஎம் கார்டு ஆபீஸில் இருக்கட்டும்" என்றாலும் இதே கதைதான், இன்னும் பெரிதாக.

ஓசூர் எல்லை ஊர் என்பதால் இன்னொரு குழப்பம். சோதனைச் சாவடி தாண்டினால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் தாலுகா, கர்நாடகம். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில், மாணவர்கள் ஓசூரில், கணக்கெடுப்பு இரண்டு பக்கமும் என்று ஒரு அமைப்பு வேலை செய்யலாம், தப்பில்லை. ஆனால் "இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து வீடு ஒதுக்குகிறோம்" என்று ஒருவன் சொன்னால் அதிலேயே பொய் தெரிந்துவிடும். இங்கே வாழ்விட வாரியம், அங்கே ராஜீவ் காந்தி ஊரக வீட்டுவசதிக் கழகமும் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியமும். தனித்தனிச் சட்டம், தனித்தனிப் பயனாளிப் பட்டியல். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் மத்திய அரசுடையது என்றாலும் விண்ணப்பம் அந்தந்த ஊர் நிர்வாகத்தின் வழியாகத்தான் போகும். எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் தனி ஆள் கையில் ரசீதில்லாமல் ரொக்கம் கட்டும் முறை கிடையாது. மாட்டிக்கொண்டால், "இது எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று இரண்டு பக்கமும் அலைக்கழிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யலாம், அதுதான் ஜீரோ எஃப்ஐஆர்.

லெட்டர்பேடைப் பார்த்து மயங்குவது நம் வழக்கம். "நிதி ஆயோக் பதிவு பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருக்கும். என்ஜிஓ தர்பண் தளத்தில் ஒரு அமைப்பு தன் விவரத்தைப் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். அது அரசு கொடுத்த நற்சான்று அல்ல. எம்எஸ்எம்இ உத்யம் பதிவு, தாமே சொல்கிற விவரத்தை வைத்து இணையத்தில் இலவசமாக எடுப்பது. கூடவே ஐஎஸ்ஓ முத்திரை வேறு. ஏழைகளுக்கு வீடு கேட்டுப் போராடுகிற அமைப்புக்கு ஐஎஸ்ஓ 9001 எதற்கு என்று நீங்களாவது கேளுங்கள். அந்த அமைப்பு டிரஸ்டா, சங்கமா, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வந்த நிறுவனமா என்று பாருங்கள். கம்பெனி என்றால் அதன் விவரத்தை கார்ப்பரேட் அமைச்சகத் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். போன வருட ஆய்வறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு பக்க அறிக்கைகூட இல்லாத கொள்கை அமைப்பு, கொள்கை அமைப்பு அல்ல.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, போகவே போகாதீர்கள் என்று சொல்லவும் மனசில்லை. இந்த வேலை இங்கே உண்மையிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்களுக்கு விடுதிச் சாப்பாட்டில் உடம்புக்கு முடியாமல் போய், அவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான் தொழிலாளர் எப்படித் தங்கவைக்கப்படுகிறார்கள் என்று நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதே நெடுஞ்சாலையின் இந்தக் கோடியில் இருக்கிற ஓசூருக்கு என்ன தேவை என்று சொல்லக் கணக்கு வேண்டாமா? சென்னையில் ஐஆர்சிடியுசி என்ற அமைப்பு மறுகுடியமர்வுப் பகுதிகளைப் பற்றி வருடக்கணக்காக ஆய்வு செய்கிறது. பெங்களூருவில் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களின் அறிக்கைகளைப் பார்த்தால் தெரியும், அவர்களுக்கு வேண்டியது ஆளின் பெயர் அல்ல, நிலைமை. அறை எத்தனை சதுர அடி, ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், ரேஷன் இங்கே வாங்க முடிகிறதா, வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்கிறதா? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபிறகு ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். வேறு மாதிரிப் பேசி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பெங்களூருவில் பத்து மாத அட்வான்ஸ் என்பது கேட்டுக் கேட்டுப் புளித்த கதை; அந்தக் காற்று ஓசூரில் எவ்வளவு அடிக்கிறது என்று ஒரு நல்ல மாணவர் ஆய்வு சொல்லிவிடும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது, சின்ன அமைப்புகளிடம் பணம் இருக்காது. பஸ் செலவையாவது கேட்டு வாங்குங்கள்.

ஆகவே, சேருவதற்கு முன்னால் படிவத்தைக் கேளுங்கள். வெறும் படிவம். அதில் ஆதார் எண், கணக்கு எண், பட்டா எண் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பட்டா எண்ணைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உத்தனப்பள்ளி, அயர்ணப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடிய ஊர்களில் நோட்டோடு வருகிறவர்களைக் கண்டாலே சந்தேகப்படுவார்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தபிறகு நிலத் தரகர்களுக்கு சர்வே எண்கள் எல்லாமே தங்கம். உங்களை நம்பிச் சொன்ன எண் யார் கைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால் எழுதாதீர்கள். பெண் பிள்ளைகள் தனியாகப் போகவே வேண்டாம். ஷிப்ட் பார்த்து மாலையில் போகச் சொன்னால் இரண்டு பேராவது சேர்ந்து, துறைத் தலைவருக்குத் தெரிவித்துவிட்டுப் போங்கள். "வூடு குடுப்பாங்களா" என்று கேட்டால், "இல்லக்கா, இது ஆய்வு மட்டும்தான், வீடு கிடைக்காது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்று பொறுப்பாளர் தடுத்தால் அன்றைக்கே பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆதார் நகலும் கைரேகையும் வாங்கிக் கொடுத்துவிட்டீர்களா? கல்லூரியில் திட்டுவார்கள் என்று மூடி வைக்காதீர்கள். உங்களிடம் இருக்கிற வாட்ஸ்அப் செய்திகள், படிவத்தின் போட்டோ, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் துறைத் தலைவரிடம் காட்டி எழுத்தில் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. பிறகு அதே லைன் வீடுகளுக்குத் திரும்பப் போய், ஆதாரில் கைரேகையை லாக் செய்ய அவர்களுக்கு உதவுங்கள். ஆதார் செயலியில் செய்யலாம், ஆதாரோடு இணைத்த போன் நம்பர் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்கு அழைக்கச் சொல்லுங்கள்; தமிழ், இந்தி, ஒடியா என்று பல மொழியில் பேசுவார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் தூங்குகிற நேரம் பார்த்துப் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் எல்லாரும் இருப்பார்கள்.