ஆர்கன் எண்ணெயும் மொராக்கோ ஸ்திரீகளின் கூட்டுறவுச் சங்கங்களும்

இலுப்பை மரத்தைப் பற்றி நமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயில் விளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் அதன் எண்ணெய் ஒரு காலத்தில் உதவி வந்ததையும், கொட்டை பொறுக்குவதும் உடைப்பதும் பெரும்பாலும் ஸ்திரீகளின் வேலையாகவே இருந்ததையும் முதியோர் அறிவர். இலுப்பையும் சப்போட்டாவும் மகிழமரமும் சேர்ந்துள்ள அதே தாவரக் குடும்பத்தைச் சார்ந்த மற்றொரு மரம், ஆப்பிரிக்கா கண்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள மொராக்கோ தேசத்தின் தென்மேற்குப் பாகத்தில் வளருகின்றது. அதற்கு ஆர்கன் என்று பெயர். அம்மரத்தின் கொட்டையை உடைத்து வந்த ஏழை ஸ்திரீகள் சென்ற முப்பது வருஷ காலத்தில் ஒரு வறண்ட பிரதேசத்தின் வியாபாரத்தையே எவ்வாறு மாற்றினார்கள் என்பதும், அம்மாற்றத்தினால் வந்த பணம் யார் கைக்குச் சென்றது என்பதும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்கத் தக்க விஷயங்களாம்.

அகாதிர், எஸ்ஸவீரா என்னும் துறைமுகப் பட்டணங்களுக்கு உட்புறமாக, சூஸ் நதியின் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் ஏறக்குறைய 8 லட்சம் ஹெக்டேர், அதாவது சுமார் 20 லட்சம் ஏக்கர் பரப்பில் ஆர்கன் மரங்கள் பரவி நிற்கின்றன. அப்பிரதேசத்தின் பெரும் பாகத்தில் வருஷத்திற்குப் பெய்யும் மழை 200 முதல் 300 மில்லிமீட்டரே. வறட்சிக்குப் பெயர்போன நமது இராமநாதபுரம் சீமையில்கூட அதனினும் இரண்டு மடங்குக்கு அதிகமாகவே பெய்கிறது. மரம் முள் நிறைந்தது. வேர் மிக ஆழமாகச் செல்வது. நூற்றைம்பது, இருநூறு வருஷம் வரையில் உயிருடன் நிற்பது. சஹாரா பாலைவனத்தின் மணல் வடக்கே பரவாமல் தடுக்கும் கடைசி வேலி இக்காடே எனலாம். ஆடுகள் இம்மரத்தின் உச்சிக் கிளை வரையில் ஏறி நின்று இலையையும் பழத்தையும் மேய்வதைப் படத்தில் கண்டவர் பலர் இருப்பர். படத்திற்கு அது அழகுதான், மரத்திற்கு அன்று. ஆடு தின்று உமிழ்ந்த கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் ஒருவித வாடை வீசுவதால், நல்ல சங்கங்கள் அதனை வாங்குவதில்லை.

காடு சர்க்காருக்குச் சொந்தமானது. ஆயினும் 1925ஆம் வருஷத்துச் சட்டப்படி, பழம் பொறுக்கவும், ஆடு மேய்க்கவும், விறகு சேகரிக்கவும், மரங்களுக்கு இடையே உழுது வாற்கோதுமை விதைக்கவும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு அநுபோக பாத்தியதை உண்டு. கோடையில் பழம் முதிரும் மாதங்களில் அந்தந்தக் குடும்பத்தாருக்கென ஒதுக்கப்பட்ட பாகத்திற்குள் பிறருடைய ஆடு நுழையலாகாது என்பது நெடுநாளைய ஊர்க்கட்டு. கோல்கொண்டு அடித்துப் பழத்தை உதிர்த்தால் அடுத்த வருஷத்து அரும்பு கெடும் என்பதால், தானாக உதிர்ந்ததையே பொறுக்குவர். ஊரார் தாமே வகுத்துத் தாமே காத்து வந்த இக்கட்டுப்பாடு எந்த வனச்சட்டத்திற்கும் இளைத்ததன்று.

இனி, எண்ணெய் எடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் பொருளின் மதிப்பு முழுவதும் அந்த உழைப்பிலேயே அடங்கியிருக்கிறது. பொறுக்கிய பழத்தை வெயிலில் நன்றாக உலர்த்தி, மேல்தோலையும் சதையையும் நீக்குகிறார்கள். சதை ஆடுமாடுகளுக்குத் தீனியாகும். உள்ளேயிருக்கும் கொட்டை மிகக் கடினமானது. ஸ்திரீயானவள் தரையில் அமர்ந்து, முன்னே ஒரு பரந்த கல்லை வைத்து, அதன்மேல் கொட்டையை இடது கையால் நிறுத்திப் பிடித்து, வலது கையிலுள்ள உருண்டைக் கல்லால் ஒரே அடியில் பிளக்க வேண்டும். அடி தவறினால் விரல் நசுங்கும். அடி மிஞ்சினால் பருப்பு தூளாகும். கொட்டை ஒன்றுக்கு ஒன்று முதல் மூன்று பருப்புகள் உண்டு. நாள் முழுவதும் உடைத்தாலும் ஒருத்திக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ பருப்புக்கு மேல் சேர்வது அரிது. பிறகு பருப்பை இலேசாக வறுத்து, நமது திரிகையைப் போன்ற கல் இயந்திரத்தில் அரைத்து, வெதுவெதுப்பான நீர் சிறிது சிறிதாக விட்டுக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து வரும். எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்கு. 100 கிலோ உலர்ந்த பழத்திலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டரே. இந்த எண்ணெயையும் வாதுமைப் பருப்பையும் தேனையும் சேர்த்தரைத்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது அந்நாட்டார் வழக்கம்.

இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த எண்ணெயை 1990ஆம் வருஷத்திற்குச் சற்று முன்பின்னாகக்கூட வெளிநாட்டார் அதிகமாக அறியார். சாலையோரத்தில், பழைய பாட்டில்களில் அடைத்து, வழிப்போக்கருக்கு விற்றார்கள். அதிலும் மலிவான வேறு எண்ணெய் கலப்பதுண்டு. சந்தைக்குச் செல்வதும் ரொக்கத்தைப் பெறுவதும் பெரும்பாலும் புருஷர் வேலை. மரத்தினால் பெரிய வரும்படி இல்லையென்று கண்ட ஜனங்கள் அதனை விறகுக்கும் கரிக்கும் வெட்டினர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் காட்டின் பரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டதென மதிப்பிடுவர்.

ராபாத் நகரத்தில் உள்ள ஐந்தாம் முகம்மது சர்வகலாசாலையின் ரசாயன ஆசிரியை ஜுபைதா ஷரூஃப் அம்மையார் இவ்வெண்ணெயின் குணங்களைப் பல வருஷம் ஆராய்ந்தவர். எண்ணெய்க்கு நல்ல விலை கிடைத்தாலன்றி மரம் பிழையாது என்றும், அவ்விலை உடைப்பவள் கைக்கே சேர்ந்தாலன்றி மரத்தைக் காக்கும் எண்ணம் கிராமத்தில் எழாது என்றும் அவர் கருதினார். அதன் பயனாக, 1996ஆம் வருஷத்தில் எஸ்ஸவீராவுக்குத் தெற்கே தமனார் என்னும் ஊரில் ‘அமால்’ என்ற பெயருடன் ஸ்திரீகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. அரபு மொழியில் அச்சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். ஆனால் குடும்ப ஸ்திரீகள் வெளியே சென்று வேலை செய்வதைப் புருஷர்கள் விரும்பவில்லை. ஆகையால் முதலிற் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் விதவைகளும் கணவரால் விலக்கப்பட்டவர்களுமே. தடுப்பதற்கு வீட்டில் ஆளில்லாதவர்கள் என்று சொல்லலாம். அவர்கள் மாதந்தோறும் ரொக்கம் கொண்டுவருவதை ஊரார் கண்ட பின்னரே மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன.

சங்கம் செய்த முக்கியமான காரியம் யாதெனில், வேலையை இரண்டாகப் பிரித்ததே. உடைப்பது கையாலேயே நடந்தது. பொறியைக்கொண்டு அதனைச் செம்மையாகச் செய்யும் வழி காணப்படவில்லை. பிசைந்து பிழிவதற்கு மாத்திரம் யந்திரம் வைத்தார்கள். நீர் சேராமற் பிழிவதால் எண்ணெய் அதிகம் கிடைத்தது. சீக்கிரத்தில் சிக்கலெடுக்காமல் நெடுநாள் கெடாமலும் இருந்தது. சங்கங்களிற் பலவற்றில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கலாயினர். கையெழுத்து அறியாத அங்கத்தினருக்குச் சங்கத்தின் பேரேடு வெறும் காகிதம்தானே! 1999ஆம் வருஷத்தில் சங்கங்கள் சேர்ந்து ஓர் இணைப்புச் சங்கத்தையும் அமைத்தன. 2003ஆம் வருஷம் முதல் ஐரோப்பிய ஒன்றியமும் மொராக்கோ சர்க்காரும் பொருளுதவி செய்தன. 2009ஆம் வருஷத்தில் ஆர்கன் என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. இதற்குள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் இவ்வெண்ணெய் தலைமயிருக்கும் தோலுக்கும் பூசும் விலையுயர்ந்த தைலமாகச் சிறு சிறு புட்டிகளில் விற்பனையாகத் தொடங்கியிருந்தது. சங்கங்களும் சில நூறாகப் பெருகின.

விலை ஏறியது உண்மை. ஆயினும் உடைக்கிறவளுடைய பங்கு அதே வேகத்தில் ஏறவில்லை. பழத்தைக் கோடையில் மொத்தமாக வாங்கிச் சேமிப்பதற்குப் பெருந்தொகை முதல் வேண்டும். அம்முதல் சங்கங்களிற் பலவற்றிடம் இல்லை. பட்டணத்து வியாபாரிகளிடம் இருந்தது. அவர்கள் பழத்தை வாங்கி, கொட்டையை மூட்டை மூட்டையாகக் கிராமத்திற்கு அனுப்பி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பருப்பாக்கி, தங்கள் ஆலையிலே பிழிந்துகொண்டார்கள். பழமும் பிழியும் யந்திரமும் விற்பனையும் தன்னுடையவையாக வைத்திருந்த சங்கத்தில் அங்கத்தினருக்குக் கூலியோடு ஆண்டிறுதியில் இலாபப் பங்கும் கிடைத்தது. மற்றவிடத்தில் கூலி மட்டுமே. சுற்றுலா வருவோர் செல்லும் சாலைகளில் ‘ஸ்திரீகள் சங்கம்’ என்ற பலகை மாட்டி, வாயிலில் நான்கு பேரைக் கொட்டை உடைக்க உட்கார்த்தி வைத்து, உள்ளே தனிமனிதர் வியாபாரம் நடத்துவதும் உண்டு. பலகையைப் பார்த்துச் சங்கத்தை மதிப்பிடலாகாது. பேரேட்டில் யார் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதனை எழுதும்போது என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் வேப்பங்கொட்டை சேகரிப்பதைப் பற்றிச் செய்முறையுடன் விளக்கினேன். பட்டாதாரர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். கொட்டை பொறுக்கும் பெண்கள் தொலைவில் புளியமரத்தடியில் நின்றனர். முடிந்தவுடன் ஒரு மூதாட்டி அருகில் வந்து, “ஐயா, ஈரக் கொட்டையை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பூக்கும் என்று இவர்களிடம் சொன்னீர்களே, மூட்டை கட்டுகிறவர்கள் நாங்கள் ஆயிற்றே!” என்றாள். அன்றைய என் நாட்குறிப்பில் முப்பத்திரண்டு பெயர்கள் பதிந்திருந்தன. அவற்றில் ஒன்றேனும் கொட்டை பொறுக்கியவருடைய பெயரன்று.

மொராக்கோவில் வந்த பணம் எங்கே சென்றது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. எண்ணெய் விலையேற்றத்தால் பயன்பெற்ற குடும்பங்கள் தங்கள் பெண்மக்களை ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தாமல் மேற்பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் மிகுந்தது. அதே குடும்பங்கள் ஆடுகளையும் அதிகமாக வாங்கின. வங்கி தொலைவில் உள்ள கிராமத்தில் கையில் சேர்ந்த ரொக்கத்தை ஆடாக மாற்றி வைப்பது இயல்பே. நம்மவரும் அதைத்தான் செய்வர். ஆனால் ஆடு பெருகப் பெருக இளங்கன்று தலையெடுக்க வழியில்லை. பழத்தைப் பத்திரமாகக் காத்தார்களேயன்றி, மரத்தை விருத்தி செய்ய முற்பட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. எண்ணெய்க்கு விலை வந்தால் காடு தானே தழைக்கும் என்ற எதிர்பார்ப்பு இவ்வளவில் பொய்த்தது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, சீர்கெட்ட நிலங்களில் 10,000 ஹெக்டேர் அளவுக்கு ஆர்கன் தோட்டம் வைக்கும் திட்டத்தை மொராக்கோ சர்க்கார் சர்வதேசப் பசுமைப் பருவநிலை நிதியின் உதவியுடன் மேற்கொண்டனர். அத்திட்டத்திற்கு 2016ஆம் வருஷத்தில் அநுமதி கிடைத்தது. பயிர்த்தொழில் நோக்கில் இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. காட்டில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவதற்குக் குடும்பப் பாத்தியதை இருந்தது. அதன் நிழலில் ஸ்திரீகளுக்கும் ஓர் இடம் இருந்தது. தனிநிலத்துத் தோட்டத்திலோ பழம் நிலமுடையவனுக்கே உரியது. நிலமோ பெரும்பாலும் புருஷர் பெயரில் இருக்கிறது. தோட்டத்துப் பழத்தை அருகிலுள்ள ஸ்திரீகள் சங்கத்துக்கே விற்பதென முன்கூட்டியே உடன்படிக்கை எழுதிக்கொள்ளாவிடில், பழம் நேரே ஆலைக்குச் செல்வதை யார் தடுப்பார்?

இன்னொரு கஷ்டம் மழை. 2020ஆம் வருஷத்தை ஒட்டித் தொடர்ந்து வந்த வறட்சியில் காய்ப்பு மிகவும் குன்றியது. முற்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உலர்ந்த பழத்தைப் பஞ்ச காலத்துக்கென்று சேமித்து வைப்பார்கள். ஓட்டோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. விலை ஏறிய பின்பு, கோடையிலேயே விற்றுவிடும் பழக்கம் வந்துவிட்டது. சேமிப்பு வியாபாரியின் கிடங்குக்கு மாறிற்று. அறுவடை பொய்த்த வருஷத்தில் அவனிடமே கூடிய விலைக்கு வாங்க வேண்டிய நிலைக்குச் சங்கங்கள் வந்தன. சொந்தக் கிடங்கும், நல்ல காய்ப்பு வருஷத்தில் பழத்தை வாங்கி நிரப்புவதற்குப் போதிய கடனும் பெற்ற சங்கம் மட்டுமே அத்தகைய வருஷத்திலும் தன் அங்கத்தினருக்கு உடைப்பதற்குக் கொட்டை அளந்து கொடுக்க முடிகிறது.