வயிற்றில் டயாலிசிஸ், கைபேசியில் டாக்டர்



2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பஸ் ஓடவில்லை. வீராம்பட்டினம் கரையில் படகுகள் மேலேறி நின்றன. சாதாரணத் தலைவலி, இருமல் என்றால் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவர் என்ன செய்வார்? ஊரடங்கு முடியட்டும் என்று அவருடைய இரத்தம் காத்திருக்குமா?

அந்த நாட்களில் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்குக் கைபேசி பெரிய துணையாக இருந்தது. அந்தத் துணை எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது, அதில் கணவன் மனைவியின் பங்கு என்ன என்பதை இந்த வெளியீட்டில் பார்ப்போம். கொரோனா தணிந்துவிட்டது. ஆனால் புயல் வரும், வெள்ளம் வரும், இன்னொரு தொற்றுநோயும் வரலாம். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீரகம் செய்யும் வேலை

நம் முதுகுப்புறம், விலா எலும்புக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இரத்தத்தை வடிகட்டி, கழிவையும் வேண்டாத நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது இவற்றின் வேலை. இவை கெட்டுவிட்டால் கழிவு இரத்தத்திலேயே தங்கும். இதைத்தான் நம் ஊரில் "உடம்பில் உப்பு ஏறிடுச்சு" என்று சொல்கிறோம். கால் வீங்கும், மூச்சு வாங்கும், சாப்பாடு பிடிக்காது, குமட்டும்.

சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இதற்கு முக்கியக் காரணங்கள். இவை இரண்டும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. புதுச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டுப் பகுதியிலும் விவசாயக் கூலி வேலை செய்வோரிடம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படுவதை ஜிப்மர் மருத்துவர்கள் 2020ஆம் ஆண்டு எடுத்துரைத்தார்கள். இந்தப் பகுதியின் பழைய பெயரை வைத்து அதற்குத் 'தொண்டைமண்டல சிறுநீரக நோய்' என்று பெயரிட்டார்கள். ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல.

வயிறே வடிகட்டி

டயாலிசிஸ் இரண்டு வகை. ஒன்று, ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். ஒரே அறையில் பல நோயாளிகள் படுத்திருப்பார்கள். தொற்றுநோய்க் காலத்தில் போகவும் வழியில்லை, போனாலும் பயம்.

மற்றொன்று, வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸ். நம் குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. சிறிய ஆபரேஷன் செய்து, தொப்புளுக்கு அருகே ஒரு மெல்லிய குழாயை வைப்பார்கள். அதன் வழியாக சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட வேண்டும். அது நான்கு முதல் ஆறு மணி நேரம் உள்ளே இருக்கும். இரத்தத்திலுள்ள கழிவு சவ்வு வழியாகக் கசிந்து திரவத்தில் சேரும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிய திரவம் விட வேண்டும். இதைத்தான் 'பை மாற்றுவது' என்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டு வேலை பார்க்கலாம், வலை பின்னலாம், கடைக்குப் போய் வரலாம்.

1976இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாபோவிச், மான்கிரீஃப் என்ற இருவர் இந்த முறையை முதலில் எடுத்துரைத்தார்கள். இந்தியாவுக்கு இது 1991இல் வந்தது. மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை 2016இல் அறிவித்தது. அந்தத் திட்டத்தில் வயிற்று டயாலிசிஸைச் சேர்ப்பதற்கான வழிமுறைகள் 2019இல் வந்தன.

கைபேசி வைத்தியம் வந்த கதை

தொலைவிலிருந்து நோயாளியைக் கவனிப்பது கொரோனாவோடு பிறந்தது அல்ல. ஐதராபாத்தில் டாக்டர் கே. எஸ். நாயக் குழுவினர், வயிற்று டயாலிசிஸ் செய்யும் கிராமத்து நோயாளிகளைத் தொலைவிலிருந்தே கவனித்து வந்த அனுபவத்தை 2012ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார்கள்.

ஆயினும் டாக்டர் கைபேசியில் வைத்தியம் சொல்லலாமா, கூடாதா என்பதற்குத் தெளிவான விதி நம் நாட்டில் இல்லாமல் இருந்தது. ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அந்த விதிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற டாக்டர் குரல் வழியாகவும், வீடியோ வழியாகவும், எழுத்து வழியாகவும் ஆலோசனை சொல்லலாம் என்று ஆயிற்று. நோயாளியால் பேச முடியாவிட்டால் அவரைப் பராமரிப்பவர் பேசலாம். 'நேரில் வந்தால்தான் ஆகும்' என்று டாக்டர் நினைத்தால், அப்படிச் சொல்வதும் அவர் கடமை. அடுத்த மாதம் 13ஆம் தேதி இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவை, வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசும் வசதியைத் தொடங்கியது.

கைபேசிக்குக் கண் இல்லை

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசி, டாக்டரின் வாயை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும். அவருடைய கையைக் கொண்டுவராது. வீங்கிய காலை அழுத்திப் பார்க்க, எடை பார்க்க, பிரஷர் பார்க்க அங்கே இருப்பது நீங்கள்தான். நீங்கள் பார்த்துச் சொன்னால் டாக்டருக்குத் தெரியும். நீங்கள் பார்க்காததை அவரும் பார்க்க முடியாது.

ஒரு கடற்கரைக் கிராமத்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு வயிற்று டயாலிசிஸ். மனைவி டயாலிசிஸ் பிரிவு நர்சோடு பேசுகிறார்.

"சிஸ்டர், இவருக்குக் காலு வீங்கியிருக்குது."

"நேத்து எடை எவ்வளவும்மா?"

"நேத்து 58 கிலோ. இன்னைக்கு 59 அரை."

"பை மாத்தறப்ப எவ்வளவு வந்துச்சு?"

"விட்டது ரெண்டு லிட்டரு. வந்தது ஆயிரத்து எழுநூறுதான்."

"குழாய் எங்கேயாச்சும் மடங்கியிருக்கா பாரும்மா. வெளிக்கு ஒழுங்கா போறாரா?"

"மடங்கலை சிஸ்டர். வெளிக்குப் போயி மூணு நாளாச்சு."

பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. மலச்சிக்கல் இருந்தால் குடல் குழாயை அழுத்தும். திரவம் சரியாக வடியாது. நர்ஸ் டாக்டரிடம் சொல்லி மருந்துக்கு ஏற்பாடு செய்யலாம். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. "ஏதோ கொஞ்சம் வீக்கமா இருக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தால், சிஸ்டருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

எண்களை மாற்றிச் சொல்வதும் ஆபத்து. டயாலிசிஸ் திரவத்தில் சர்க்கரைச் சத்து உண்டு. 1.5, 2.5, 4.25 சதவிகிதம் என்று மூன்று பலத்தில் பைகள் வரும். பலம் கூடினால் உடம்பிலிருந்து அதிக நீரை இழுக்கும். உங்கள் நோட்டைக் கேட்டுத்தான் எந்தப் பை என்று டாக்டர் சொல்கிறார். எழுதாமல் விட்டுவிட்டு வாய்க்கு வந்த கணக்கைச் சொன்னால், வேண்டாத பலத்தில் பை மாற்றி, பிரஷர் இறங்கி, மயங்கி விழ நேரிடும்.

தினமும் செய்ய வேண்டியவை

1. காலையில் ஒரே நேரத்தில் எடையும் பிரஷரும் பார்த்து எழுதுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர் சர்க்கரை அளவையும் எழுத வேண்டும்.

2. ஒவ்வொரு பைக்கும் நேரம், பலம், உள்ளே விட்டது, வெளியே வந்தது, நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். விட்டது 2000 மில்லி, வந்தது 2300 மில்லி என்றால் 300 மில்லி உபரி நீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

3. பை மாற்றுமுன் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆடு, கோழி, நாய், பூனை அந்த அறைக்குள் வரக்கூடாது. மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடுங்கள். சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண் வரை நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

4. குழாய் வெளிவரும் இடத்தைத் தினம் பாருங்கள். சிவப்பு, சீழ், வலி இருந்தால் போட்டோ எடுத்து டயாலிசிஸ் பிரிவுக்கு அனுப்புங்கள்.

5. வடிந்த பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.

6. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு அதிகம். விலக்குங்கள். இந்த வகை டயாலிசிஸில் புரதச் சத்து கொஞ்சம் வீணாகும். ஆகவே நல்ல மீன், முட்டை எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

7. குறைந்தது ஒரு வாரத்துக்கான பையும் மருந்தும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஊரடங்குக் காலத்தில் கையிருப்பு இல்லாத வீடுகள்தான் தவித்தன.

கலங்கல் பைக்குக் காத்திருக்காதீர்கள்

எழுத்து தெரியாத அளவுக்குத் திரவம் கலங்கியிருந்தால், வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்றே எண்ணுங்கள். கூடவே வயிற்று வலி, காய்ச்சல் வரலாம், வராமலும் இருக்கலாம். உடனே கைபேசியில் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் புறப்படுங்கள். வண்டி இல்லையா, 108க்குப் போன் செய்யுங்கள். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். அதைப் பரிசோதித்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

கொரோனா காலத்தில், "காய்ச்சல்னு சொன்னா கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் அடைச்சிடுவாங்க" என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் மனிதருக்கு இயல்பு. ஆனால் வயிற்றுத் தொற்று தாமதித்தால் குழாயையே எடுக்க நேரிடும். சவ்வு கெட்டு, வீட்டு டயாலிசிஸே முடியாமல் போகும். உயிருக்கும் ஆபத்து. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும், வலி மாத்திரையால் அமுக்குவதும் கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், குழாயில் வெடிப்பு, மூடி கழன்று விழுவது ஆகியவையும் அவசரமே. குழாய் வெடித்தாலோ மூடி விழுந்தாலோ, உடலுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு அடைத்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.

இருவரும் கற்றுக்கொள்ளுங்கள்

பல வீடுகளில் கணவருக்கு நோய் என்றால் மனைவி எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார். மனைவிக்கு நோய் என்றால், "அவளே பாத்துக்குவா" என்று விட்டுவிடுகிறார்கள். இது நியாயமா? ஒரு நாள் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து கை நடுங்கினால் பை மாற்றுவது யார்? கடலுக்குப் போகிறவர், வானத்தைப் பார்க்கவும் காற்றைக் கணக்குப் போடவும் தெரிந்தவர். அவருக்கு ஒரு பை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பயிற்சி நாளன்று கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போங்கள். வளர்ந்த பிள்ளை ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

பராமரிப்பவருக்கும் களைப்பு உண்டு. ராத்திரி பையை ஒருவர் மாற்றினால், காலைப் பையை மற்றவர் மாற்றலாம். "முடியலை" என்று வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

எங்கே விசாரிப்பது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு வயிற்று டயாலிசிஸ் பைகளும் வீடு தேடிக் கொடுக்கப்படுகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லிவிடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் தாங்கள் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவிலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். டயாலிசிஸ் பிரிவின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பை மாற்றும் இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் எந்த வண்டியில் போவது என்று கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் பார்த்து, எழுதி, மறைக்காமல் சொன்னால்தான் கைபேசியில் கேட்கும் டாக்டர் சரியான வைத்தியம் சொல்ல முடியும்.