வாடகை வீடும் சட்டமும்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பம் முதலில் தேடுவது வாடகை வீட்டையே. வீட்டு உரிமையாளரும் குடியிருப்போரும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால், பின்னர்ப் பூசல் எழும்போது சான்று இருப்பதில்லை. எனவே இருவர்க்கும் பொதுவான சட்டம் தேவைப்படுகிறது.

தில்லியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், குடியிருப்போரைக் காக்கும் நோக்குடன் இயற்றப்பட்டவை. அவை வாடகை உயர்வுக்கு வரம்பு விதித்தன. காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தன. நாளடைவில் பல பழைய வீடுகளின் வாடகை, பழுது பார்க்கும் செலவுக்கும் போதாததாயிற்று. வீட்டைத் திரும்பப் பெற இயலாதோ என்று அஞ்சிய உரிமையாளர் சிலர், அதனைப் பூட்டியே வைத்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, நாட்டின் நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன.

இந்நிலையை மாற்றக் கருதி, மாதிரி வாடகைச் சட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும். குடியிருப்பு வீட்டிற்கான முன்பணம் 2 மாத வாடகையை மிஞ்சுதல் கூடாது. உரிமையாளர் வீட்டினுள் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் கூடாது. குடியிருப்போர்க்கும் கடமை உண்டு. காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் 2 மாதங்களுக்கு இருமடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த நேரிடும்.

வாடகைத் தொகையை இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்கிறது இம்மாதிரிச் சட்டம். இதனால் பூட்டிய வீடுகள் திறக்கும் என்பர் சிலர். எளியோர்க்குப் பழைய பாதுகாப்பு குறையும் என்பர் வேறு சிலர்.

நிலமும் வாடகையும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே மாநிலங்கள் ஏற்றுச் சட்டம் இயற்றினாலன்றி இவ்விதிகள் நடைமுறைக்கு வாரா. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறாவிடில், அங்கு முன்பண வரம்பு 3 மாத வாடகை. எனவே புதிய ஊருக்குக் குடிபெயர்வோர், கையொப்பமிடும் முன் அம்மாநிலச் சட்டத்தை அறிந்துகொள்ளுதல் நன்று.

சொற்பொருள்: பூசல் – சண்டை, நடுவண் – மத்திய, மிஞ்சுதல் – அளவு கடத்தல்.

சிந்தித்து எழுதுக: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதால் உரிமையாளர்க்கும் குடியிருப்போர்க்கும் விளையும் நன்மைகள் யாவை?